பறவைத் தீவின் பாட்டில்கள்

4

குப்பை லாரியின் முன்சீட்டில் மூன்று பேர் உட்காருவார்கள் என்று அதைச் செய்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஸ்டியரிங் பக்கம் லாரிக்காரர், ஜன்னல் பக்கம் துப்பறிவாளர், நடுவில் கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு காலாக மைத்துனன். ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் அவன் தன் வம்சத்தின் எதிர்காலத்தை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் கொக்கியார். அவர் பேசுவதில் பாதி கேள்விக்குறியில்தான் முடியும். அந்தக் குறியும் பார்க்கக் கொக்கி மாதிரிதானே இருக்கிறது. மைத்துனன் அவருடைய மனைவியின் தம்பி. எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாதவனை, "உங்க கூடவே வெச்சுக்குங்க, வெளிய விட்டா என் மானம் போகும்" என்று சொல்லி அக்கா கொக்கியாரிடம் தள்ளிவிட்டிருந்தாள். துப்பறியும் உதவியாளன் என்ற பதவி அவனுக்கு அப்படித்தான் வந்தது.

காலையில் பேருந்து நிலையத்தில் இறங்கியதிலிருந்து அவர்களை யாரும் மனிதராக மதிக்கவில்லை. தேசியப் பூங்காவுக்கு எந்த வழி என்று கேட்டதற்குக் கடைக்காரர் ஒருவர் ஷட்டரையே பாதி இறக்கினார். அந்த ஊரில் பாதிப்பேர் பூங்காவை நம்பித்தான் பிழைத்தார்கள். உள்ளே சைக்கிள் வாடகைக்கு விட வேண்டுமா, தொப்பி விற்க வேண்டுமா, வழிகாட்டியாகப் போக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் உரிமம், எல்லாவற்றுக்கும் கட்டணம். கையில் பையோடு கேள்வி கேட்டுக்கொண்டு வரும் வெளியூர்க்காரன் என்றால், அடுத்த கட்டணத்தைத் தலையில் கட்ட வந்தவன் என்பது அவர்கள் முடிவு.

லாரிக்காரர் மட்டும்தான் சிரித்தார். அவர்களைக் கூட்டிவர அனுப்பப்பட்டிருந்தவர் அவர். வழக்கைக் கொடுத்த படகுக்காரியின் தங்கை கணவர். பூங்காவின் குப்பையை அள்ளி வெளியே கொண்டுபோகும் ஒப்பந்தம் அவருடையது. வழியெல்லாம் அவரே பேசிக்கொண்டு வந்தார். பூங்காவுக்குள் ஓர் ஏரி. ஏரியின் நடுவில் பறவைகள் முட்டையிடும் தீவு. அங்கே மனிதர் யாரும் கால் வைக்கக் கூடாது. ஏரியில் படகு விட ஒரே ஓர் உரிமம்தான் உண்டு, அது அவர் மனைவியின் அக்காவிடம் இருக்கிறது. போன மாதம் யாரோ தொலைபேசியில் துப்புக் கொடுக்க, காவலர்கள் தீவுக்குப் போய்ப் பார்த்தால் காலித் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் படகுக்காரியின் உரிம எண். படகை அன்றைக்கே கட்டிப்போட்டுவிட்டார்கள். இன்று மத்தியானம் விசாரணை. அவள் பதில் சொல்லத் தவறினால் உரிமம் நிரந்தரமாக ரத்து.

"அக்கா வாய் கொஞ்சம் நீளம். ஆனா உழைப்பாளி" என்றார் லாரிக்காரர். "நீங்கதான் காப்பாத்தணும் சார்."

பூங்காவின் கேட்டில் நீளமான வரிசை நின்றது. காவலர் ஒருவர் ஒரு பெண்ணின் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டி, மருமகள் கொண்டுவந்த சீரைப் பார்க்கும் மாமியார் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார். கொக்கியார் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த நுழைவுச் சீட்டைக் கேட்கக்கூட யாரும் கிட்டே வரவில்லை.

"நாத்தத்துக்கு இப்படி ஒரு மரியாதை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் இத்தனை நாள் குளிச்சிருக்கவே மாட்டேன், அத்தான்" என்றான் மைத்துனன்.

படகுத்துறையில் தகரக் கூரை போட்ட ஒரு சிறு அறை. வெளியே கட்டணப் பலகை: பெரியவர், சிறியவர், கேமரா. அதன் மேல் சிவப்பு நாடா குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தது. படகுக்காரி கதவருகில் மர முக்காலியில் உட்கார்ந்து, ஓடாத படகின் துடுப்பு வளையத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். தோள்கள் ஆண்பிள்ளைக்கு இருப்பதைவிட அகலம். வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துப்பறியறவர்னா கொஞ்சம் உயரமா இருப்பார்னு நினைச்சேன்."

"நாங்களும் அப்படித்தாங்க நினைச்சோம். கல்யாணம் ஆன பிறகுதான் அளந்து பார்த்தோம்" என்றான் மைத்துனன்.

அவள் சிரிக்கவில்லை. கொக்கியார் கேட்ட எதற்கும் நேராகப் பதில் சொல்லவுமில்லை. எதிரிகள் யார் என்று கேட்டால், யார் இல்லை என்று கேளுங்கள் என்றாள். கடைசியில் ஒரு பெயரைத் துப்பினாள்: டயர்காரர். நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருப்பவர். படகு உரிமத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள். தன்னுடைய உரிமம் போனால் மறுநாளே மோட்டார் படகு இறக்குவார், அந்த இரைச்சலில் பறவைகள் எல்லாம் நாடு கடந்து ஓடும் என்றாள். அவர்தான் செய்திருக்க வேண்டும், இதில் துப்பறிய என்ன இருக்கிறது, போய் அவர் கழுத்தைப் பிடியுங்கள் என்பது அவள் கட்சி.

"படகை யார் யார் ஓட்டறது?" என்றார் கொக்கியார்.

"நானும் இவளும்."

இவள் என்று அவள் தாடையால் காட்டிய இடத்தில், கட்டிக்கிடந்த படகுக்குள் குனிந்தபடி ஒரு பெண் வெட்டிய தகர டப்பாவால் மழைத்தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தங்கை. கழுத்தில் 'தினக்கூலி உதவியாள்' என்று அச்சடித்த அட்டை தொங்கியது. ஒவ்வொரு முறை குனியும்போதும் அது தண்ணீரில் நனைந்தது. அவள் நிமிர்ந்து இவர்களைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். லாரிக்காரர் அவளிடம் ஏதோ சொல்லிவிட்டு, குப்பைத் தொட்டிகளைப் பார்க்கப் போனார்.

வெயில் ஏறியிருந்தது. மைத்துனன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தான். பாட்டிலை இறக்கியபோது எதிரில் படகுத்துறைக் காவலர் நின்றார்.

ஸ்டிக்கர் எங்கே என்றார். என்ன ஸ்டிக்கர் என்றான் இவன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் காவலர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பூங்காவுக்குள் வரும் எந்தப் பாட்டிலானாலும் கேட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு மஞ்சள் வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். திரும்பிப் போகும்போது பாட்டிலைக் காட்டினால் அதே கேட்டில் ஸ்டிக்கரை உரித்துக்கொண்டு முன்பணத்தைத் தந்துவிடுவார்கள். உள்ளேயே போட்டுவிட்டுப் போனால் பணம் போச்சு. ஸ்டிக்கர் இல்லாத பாட்டில் உள்ளே இருக்கவே வழியில்லை, இருந்தால் அபராதம்.

"பாட்டிலுக்கு என்னங்க தெரியும்? நானே இப்பதான் வரேன்" என்று மைத்துனன் சொல்லிப் பார்த்தான். காவலர் பெயர் கேட்டார், முகவரி கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார். அபராத ரசீதைக் கிழித்து அவன் சட்டைப்பையில் அவரே செருகினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்து, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது போலப் பாட்டிலின் கன்னத்தில் அழுத்தி ஒட்டினார்.

கொக்கியார் அந்த ஸ்டிக்கரையே மலர்ந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். உரிப்பது சுலபமா என்று காவலரைக் கேட்டார். கையால் ஆகாது, கேட்டில் அதற்கென்று மெல்லிய தகடு வைத்திருக்கிறார்கள் என்றார் காவலர். படகுக்காரி தன் பயணிகளுக்காகத் தினமும் எத்தனை பாட்டில் கொண்டுவருவாள் என்று கேட்டார். ஆள் கணக்குத்தான், எல்லாவற்றிலும் அவளுடைய உரிம எண்ணைக் காகிதத்தில் அச்சடித்து ஒட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை என்றார். குப்பை யாருடையது என்று கண்டுபிடிக்க அந்த ஏற்பாடு.

"சாயங்காலம் காலி பாட்டிலை யார் எண்ணி எடுத்துட்டுப் போறது?"

"நான்தான்" என்றாள் படகுக்காரி. "ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

"அத்தான், எனக்கு அபராதம் போட்டதுல உங்களுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்?" என்றான் மைத்துனன்.

"ரசீதை பத்திரமா வெச்சுக்க, மச்சான்" என்றார் கொக்கியார்.

பூங்கா அலுவலகம் ஏரியிலிருந்து கொஞ்சம் மேட்டில் இருந்தது. முன்கூடத்தில் அறிவிப்புப் பலகை ஒரு சுவர் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. விண்ணப்பக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. உரிமம் பிறருக்கு மாற்றத்தக்கதல்ல. புகைப்படம் எடுத்து விற்பதற்குத் தனிக் கட்டணம். எதற்கும் பொருந்தாதவர்களுக்கு 'இதர' என்று ஒரு கட்டணம். மைத்துனன் அதைப் படித்துவிட்டு, தானும் அந்த வகையில்தான் வருவான் என்று சொன்னான்.

பெஞ்சில் ஒரே ஆள். தடித்த கழுத்து, நகக்கண்ணில் ரப்பர் கருப்பு. டயர்காரர்.

கொக்கியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டயர்காரர் நகர்ந்து இடம் விடவில்லை. காலை இன்னும் அகட்டி வைத்துக்கொண்டார். படகுக்காரி யாரைப் பிடித்து வந்திருக்கிறாள் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தான்தான் பாட்டிலைப் போட்டதாக அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அவள் மீது மானநஷ்ட வழக்குப் போட வக்கீலைப் பார்த்தாயிற்று என்றார்.

"போட்டீங்களா?" என்றார் கொக்கியார்.

"வழக்கா, பாட்டிலா?"

"ரெண்டும்."

டயர்காரர் அவரை முதல் முறையாக முழுதாகப் பார்த்தார். "யோவ், நான் செய்யறவனா இருந்தா பாட்டில் போடமாட்டேன். படகுல ஓட்டை போடுவேன். என்னைக் கேட்டுல எப்படிச் சோதிக்கறாங்க தெரியுமா? பெல்ட்டைக்கூட கழட்டச் சொல்றாங்க. அவ சொல்லிக் கொடுத்திருக்கா."

பிறகு அவருடைய கோபம் வேறு பக்கம் திரும்பியது. இத்தனை நாள் வரிசையில் முதல் ஆளாக நின்றும் பயனில்லை என்று இன்று காலைதான் கவுன்டரில் தெரிந்துகொண்டாராம். ஓர் உரிமத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் இரண்டாவது பெயராக இருந்தவர் யாராவது இருந்தால், அந்த உரிமம் காலியாகும்போது அவர் கேட்டால் அவருக்குத்தான் முதலில். பெயரை இடையில் எடுத்துவிட்டாலும் அந்த உரிமை போகாது. விண்ணப்பக் கட்டணம் கட்டும்போது ஒருவனாவது இதைச் சொன்னானா என்று கேட்டார்.

"படகு உரிமத்துல அப்படி ஒரு ரெண்டாவது பேர் இருந்துச்சா?"

"இருந்துச்சாம். போன தடவை புதுப்பிக்கறப்போ எடுத்துட்டாளாம். யாருன்னு அந்த மகராசியையே போய்க் கேளு."

கொக்கியார் கேட்கப் போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். அவருக்குப் பதில் கிடைத்து, அது பிடிக்காமல் போனால் அப்படித்தான் செய்வார் என்பது மைத்துனனுக்குத் தெரியும்.

"டயர்காரர் இல்லையா, அத்தான்?"

"இல்லை."

"அப்போ வேற எவன்? இந்த ஊர்ல நம்மளைப் பார்த்து முறைக்காதவனே கிடையாது. எல்லாருமே குற்றவாளி மாதிரிதான் இருக்காங்க."

"எல்லாருமா முறைச்சாங்க?" என்றார் கொக்கியார்.

உரிம அதிகாரியின் அறை சிறியது. மேசை, மேசைக்குப் பின்னால் தலைமேல் கண்ணாடியை ஏற்றிவிட்ட அதிகாரி அம்மாள், மூலையில் கை கழுவும் குழாய், தரையில் வாய் கட்டிய ஒரு சாக்கு. படகுக்காரி நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. டயர்காரர் தானும் ஒரு விண்ணப்பதாரர் என்ற உரிமையில் கதவோரம் வந்து நின்றார். லாரிக்காரரும் அவர் மனைவியும் நிலைப்படிக்கு வெளியே நின்றார்கள். அக்காவுக்குத் துணையாக வந்திருக்கிறோம் என்றார் லாரிக்காரர், அதே சிரிப்போடு.

அதிகாரி தொடக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டார். பாட்டில் கிடைத்தது தடை செய்த தீவில். எண் படகுக்காரியுடையது. ஏரியில் வேறு படகு இல்லை. பயணிகளைப் பணம் வாங்கிக்கொண்டு தீவில் இறக்கியிருக்கிறாள் என்பதைத் தவிர வேறு விளக்கம் இருந்தால் சுருக்கமாகச் சொல்லலாம். தனக்கு இன்னும் மூன்று விசாரணை இருக்கிறது.

"நான் எதுக்கு இறக்கணும்? அந்தப் பறவைங்களைக் காட்டித்தான் நான் சம்பாதிக்கறேன். அதுங்க போயிட்டா உங்க மூஞ்சியைப் பாக்கவா ஜனம் வரும்?" என்றாள் படகுக்காரி.

அதிகாரி தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கினார். அறையில் சூடு ஏறியது. கொக்கியார் சாக்கைத் திறக்க அனுமதி கேட்டார்.

பாட்டில்கள் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் உரிம எண் அச்சடித்த காகிதம் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. கொக்கியார் ஒரு பாட்டிலைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, மஞ்சள் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டார். ஏரிக்காற்று, ஈரம், விழுந்திருக்கும் என்றார் அதிகாரி. எல்லாவற்றிலுமா என்றார் இவர். எல்லாவற்றிலும்தான் என்றார் அவர்.

கொக்கியார் சாக்கிலிருந்து ஒரு பாட்டிலையும், மைத்துனனின் அபராதப் பாட்டிலையும் குழாயடியில் வைத்து, இரண்டையும் தேய்க்கச் சொன்னார். மைத்துனன் சட்டைக் கையைச் சுருட்டினான்.

"எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா அடுத்து வீட்டுலயும் பாத்திரம் தேய்க்கச் சொல்லுவா. இது இந்த அறையோட இருக்கட்டும்."

நாலு தேய்ப்பில் காகிதம் கூழாகிக் கையோடு வந்துவிட்டது. மஞ்சள் ஸ்டிக்கர் அசையவில்லை. நகத்தால் சுரண்டினான், நகம்தான் மடங்கியது. அதிகாரி எழுந்து வந்து பாட்டிலை வாங்கித் தானே சுரண்டிப் பார்த்தார். அவர் நகத்துக்கும் அதே கதிதான்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை மட்டும் உரிச்செடுத்துட்டு, பசையில ஒட்டின காகிதத்தை விட்டுட்டுப் போற ஈரம் எந்த ஊர் ஈரம்மா?" என்றான் மைத்துனன்.

அதிகாரி தன் நாற்காலிக்குப் போனார். கொக்கியார் தொடர்ந்தார். ஸ்டிக்கர் இல்லாத பாட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் உண்டாகும்: கேட்டில், வெளியே போகும்போது. அப்படியென்றால் இந்தப் பாட்டில்கள் எல்லாம் ஒருமுறை முறையாகப் பூங்காவை விட்டு வெளியேறியவை. படகுக்காரி எண்ணி எடுத்துப் போய், முன்பணத்தைத் திரும்ப வாங்கி, கேட்டுக்கு வெளியே தொட்டியில் போட்டவை. யாரோ அவற்றை மறுபடி உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள்.

"உள்ளேயே நாலு பாட்டிலை ஒளிச்சு வெச்சிருக்கலாமே" என்றார் டயர்காரர் கதவோரத்திலிருந்து.

"சாயங்காலம் ஒண்ணு குறைஞ்சாலும் இவங்க வீட்டையே தலைகீழாக்குவாங்களே. அது தெரிஞ்ச ஆள்தான் செஞ்சிருக்கணும். அந்தப் பயத்துலதான் வெளிய போனதை எடுத்திருக்காங்க." கொக்கியார் அதிகாரி பக்கம் திரும்பினார். "உங்க பையைக்கூட கேட்டுல பார்ப்பாங்களாம்மா?"

"பார்ப்பாங்க. அந்த விதியே நான் போட்டதுதான்."

"அப்போ யாரும் பார்க்காம உள்ள வர்ற வண்டி எது?"

அவர் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். மைத்துனன் சட்டைப்பையிலிருந்து அபராத ரசீதை எடுத்து மேசையில் வைத்து, சுருக்கத்தை நீவிவிட்டான். இன்றைய தேதி. பூங்காக் காவலரின் கையெழுத்து. ஸ்டிக்கர் இல்லாத பாட்டில், ஒன்று.

"இந்தப் பாட்டில் காலையில உங்க கேட்டு வழியாத்தான் வந்துச்சு. நாங்களும் கூடவே வந்தோம். எங்க பையை ஒருத்தரும் தொடலை. குப்பை லாரி உள்ள போறப்போ காலியாத்தான் போகும்னு எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை. உள்ள வர்ற குப்பை வண்டியில குப்பை இருக்கான்னு யார் எட்டிப் பார்ப்பாங்க?"

லாரிக்காரரின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது, எடுத்து வைக்க இடம் கிடைக்காதது போல.

பிறகு அவர் பேசத் தொடங்கினார். உதவி செய்தவன் மேலேயே பழியா, இவர்களைக் கூட்டி வந்ததே தான்தானே, குற்றம் செய்தவன் அப்படிச் செய்வானா என்றார். கூட்டி வரச் சொன்னது படகுக்காரி, மாட்டேன் என்றால் சந்தேகம் வரும் என்பதால் வந்தார் என்றார் கொக்கியார். அதிகாரி பழைய கோப்பைப் புரட்டி, போன புதுப்பித்தலுக்கு முன்புவரை உரிமத்தில் இரண்டாவது பெயர் தங்கையுடையது என்பதை உரக்கப் படித்தார். டயர்காரர் தொண்டையைச் செருமினார்.

படகுக்காரி தங்கை கணவரைப் பார்க்கக்கூட இல்லை. அதிகாரியிடம்தான் பேசினாள். "ரெண்டு பேர் போட்டா கட்டணம் ரெட்டிப்பு ஆக்கினீங்க. ஒரு பேரை எடுத்தேன். அதுல என்ன தப்பு? வேலையை விட்டா எடுத்தேன்?"

"தினம் காலையில உன் தங்கச்சி கூலிக்காரங்க வரிசையில நின்னு சீட்டு வாங்கறா" என்றார் லாரிக்காரர். இப்போது 'அக்கா' இல்லை. "நீ பக்கத்து வழியில கை வீசிட்டுப் போற. ஒரு நாள் திரும்பிப் பார்த்திருக்கியா?"

"அதுக்கு என் அடுப்புல தண்ணி ஊத்துவியா?"

"ஆமா, ஊத்தினேன். நான்தான் ஊத்தினேன். எழுதிக்குங்கம்மா. நான் ஒருத்தன்தான்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். கொக்கியார் ஜன்னல் வழியே வெளியே பார்க்கத் தொடங்கினார். எப்போதும் கடைசிக் கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் உட்காரும் மனிதர், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே நிறுத்திவிட்டார் என்று மைத்துனனுக்குப் பட்டது. அந்தக் கேள்வி என்ன என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அறையில் அது வேறொருவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இவன் எப்படித் தீவுக்குப் போனான்?" என்றாள் படகுக்காரி.

அதிகாரியின் பேனா பாதி வரியில் நின்றது.

"படகுல கால் வெச்சாலே வாந்தி எடுக்கறவன். துடுப்பைத் தலைகீழாப் பிடிப்பான். இவன் எப்படிப் போனான்?"

அவள் இன்னும் அதிகாரியைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது கழுத்தில் தெரிந்தது. திரும்ப வேண்டிய கழுத்து திரும்ப மறுத்தது.

"நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றாள் தங்கை நிலைப்படியிலிருந்து. காலையிலிருந்து மைத்துனன் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை அது. "தண்ணி இறைக்க விடியக்காலையில வருவேன்ல, அப்போ."

லாரிக்காரர் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

"ஏழு வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் துடுப்பு போட்டோம். பேரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னியாக்கா? கேட்டுல என் அட்டை செல்லாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினப்போதான் எனக்கே தெரியும். அன்னிக்கு நான் வெளிய நின்னேன். நீ படகை வேற ஆளை வெச்சு ஓட்டின."

"கூட்டம் இருந்துச்சு" என்றாள் படகுக்காரி.

"இருந்திருக்கும்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு எழுதத் தொடங்கினார். எழுதியதை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படித்தார். படகு உரிமத்தின் மீதிருந்த தடை இன்று முதல் நீக்கப்படுகிறது. குப்பை ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்படுகிறது, தனி விசாரணை உண்டு. தடை செய்த பகுதிக்குள் படகு செலுத்திய பெண்ணுக்கு இந்தப் பூங்காவுக்குள் இனி எந்த வேலைக்கும் சீட்டுக் கிடையாது, எந்த உரிமத்துக்கும் அவர் விண்ணப்பிக்க முடியாது. படகுக்காரிக்கு ஆட்சேபம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு சொல் விழுந்திருந்தால் ஏதாவது மாறியிருக்கலாம். மைத்துனன் அதற்காகக் காத்திருந்தான். தங்கையும் காத்திருந்தாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"இல்லை" என்றாள் படகுக்காரி.

தங்கை கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, உள்ளே வராமலே, நிலைப்படிக்கு அருகில் இருந்த அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். டயர்காரர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அன்று முழுவதும் அவர் யாருக்காவது காட்டிய மரியாதை அது ஒன்றுதான்.

ஏரிக்கரைக்கு அவர்கள் இறங்கி வந்தபோது செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. சிவப்பு நாடா போய்விட்டது. ஆறேழு பயணிகள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். படகுக்காரி உரிமத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நேராகப் படகில் ஏறினாள். காவலர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவிழ்க்கவில்லை.

இன்னொரு துடுப்புக்கு ஆள் எங்கே என்று கேட்டார். இரண்டு பேர் இல்லாமல் பயணி ஏற்றக் கூடாது, நிபந்தனை. படகுக்காரி கரையில் நின்றவர்களைப் பார்த்தாள். அவள் பார்வை மைத்துனன்மேல் வந்து நின்றது.

"துடுப்பு போடுவியா?"

"எனக்கு நீச்சலே தெரியாதுங்க."

"பேச மட்டும் தெரியும்" என்றாள். பயணிகளைப் பார்த்து, இன்றைக்குப் படகு கிடையாது, நாளைக்கு ஆள் பிடித்துவிடுவேன், வாருங்கள் என்று கத்தினாள். அவர்கள் முனகிக்கொண்டே ஜாக்கெட்டைக் கழற்றினார்கள். மேட்டிலிருந்து இறங்கும் பாதையில், அலுவலகத்தில் சாவியை வாங்கி வைத்துக்கொண்ட லாரி நின்றது. அதைத் தாண்டி தங்கை கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். லாரிக்காரர் நாலடி பின்னால்.

படகுக்காரி துடுப்புகளை உள்ளே எடுத்து வைக்கக் குனிந்தாள். துடுப்பு ஒன்றுதான் இருந்தது. பலகைக்கு அடியில் பார்த்தாள். அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கரையோரம் நின்றுகொண்டு, பாதையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"உன் துடுப்பை எங்க வெச்ச?"

தங்கை நிற்கவில்லை. திரும்பவுமில்லை.

"எப்பவும் வெக்கிற இடத்துலதான்."

படகுக்காரி ஜாக்கெட்டுகள் தொங்கும் கம்பியைப் பார்த்தாள். கூரைத் தகரத்தின் இடுக்கைப் பார்த்தாள். படகைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். அது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. காவலர் கயிற்றை முளையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

"கேட்டு வரைக்கும் நடக்கணும், மச்சான்" என்றார் கொக்கியார்.

மைத்துனன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவர்கள் கொஞ்ச தூரம் போன பிறகும், அவள் தகரங்களைப் புரட்டித் தேடும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.